பட்டன் இருந்தால் போதுமா? செட்டிநாட்டு வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் கார் டயர்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் ஓடித் தேய்ந்த டயரைவிட நின்றே கெட்ட டயர் அதிகம். வருடத்தில் முக்கால்வாசி நாள் ஷெட்டில் நிற்கும் கார், படைப்புக்கும் (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு) கல்யாணத்துக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் வரும்போதுதான் வெளியே வருகிறது. குனிந்து பார்த்தால் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பரின் மேடுபள்ளம், புதுசு போல இருக்கும். அதை நம்பி ஐந்து பேரையும் பெட்டிகளையும் ஏற்றி, சித்திரை வெயிலில் மதுரை விமான நிலையத்துக்குப் பறப்பார்கள். அந்த டயரின் ரப்பருக்கு எட்டு வயது ஆகியிருக்கும் என்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் இங்கே டயர் பார்க்கும் வரிசையே வேறு. முதலில் தேதி, அடுத்து சைடுவால் (டயரின் பக்கச்சுவர்), அதற்குப் பிறகுதான் பட்டன்.

‘ஆல் வெதர்’ என்று கேட்டு வாங்கலாமா?

கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் உறவுக்காரர்கள் சொல்லும் ஆல் வெதர் டயர் வேறு பொருள். சைடுவாலில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் அச்சிட்டிருந்தால், அது பனிச் சோதனையில் தேறிய டயர். சாதாரண டயர் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துப் பிடிப்பை இழக்கும் என்பதால், குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி அந்த ரப்பரைச் சேர்க்கிறார்கள். 40 டிகிரி வெயிலில், அதைவிடக் கொதிக்கும் தார் ரோட்டில், அந்த இளக்கமே சீக்கிரம் தேய்வதற்குக் காரணமாகிவிடும். கொடைக்கானல், மூணாறு போய்வருவதற்குக்கூட அது தேவையில்லை. எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து சேறு, பனிக்கு ஏற்ற பட்டன் அமைப்பு என்று கம்பெனியே சொல்லிக்கொள்வது. அதற்குத் தனிச் சோதனை கிடையாது.

நமக்கு வேண்டியது இரண்டே பருவத்துக்கான டயர்: பங்குனியிலிருந்து ஆவணி வரை வெயில், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. சிக்கல் என்னவென்றால், வெயில் கெட்டியான ரப்பரைக் கேட்கும், ஈர ரோட்டுப் பிடிப்பு இளகிய ரப்பரைக் கேட்கும். ‘ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும்’ என்று விற்கப்படும் டயரில் பெரும்பாலும் கெட்டியான ரப்பர்தான் இருக்கும். பட்டன் ஆழமாகவே இருந்தாலும், மழை நாளில் பிரேக் பிடித்தால் சறுக்கும். ஆயுளையும் பிடிப்பையும் பாதிப் பாதியாகத் தரும் நடுத்தர ரகமே இந்த ஊருக்குச் சரி.

சைடுவாலில் என்ன எழுதியிருக்கிறது

185/65 ஆர் 15 88 எச் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் சைடுவால் உயரம் என்பது. இங்கே சுமார் 120 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல், 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது எடைக் குறியீடு: ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ, 91 என்றால் 615. கடைசி எழுத்து வேகத்துக்கு: டி 190, எச் 210, வி 240 கிலோமீட்டர். அந்த வேகத்தில் யாரும் ஓட்டப் போவதில்லை. ஆனால் வேகக் குறியீடு கூடும்போது சூடு தாங்கும் திறனும் கூடும் என்பதால் கம்பெனி போட்டதற்குக் கீழே இறங்கக் கூடாது. எடைக் குறியீட்டுக்கும் அதே விதி.

டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம்தான் டயரின் பிறந்த தேதி. 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். பல டயர்களில் இந்த நான்கு இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அது உள்பக்கமாக மாட்டியிருந்தால் காருக்கு அடியில் டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஐந்து வயதுக்குப் பிறகு வருடம் ஒரு முறை டயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பதும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து வயதில் தூக்கிப் போட வேண்டும் என்பதும் டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அது மிதமான குளிருள்ள நாட்டையும் சேர்த்துச் சொன்னது. சிவகங்கைச் சீமையில் வெயிலில் நிற்கும் காருக்கு ஆறு வயதையே எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு அது கட்டாயம், ஐ.எஸ். 15633 என்பது கார் டயருக்கான தர எண்.

சில டயர்களில் மூன்று தர அளவுகளும் இருக்கும். டிரெட்வேர் எண்ணில் 100 என்பது அடிப்படை, 400 என்றால் சோதனையில் அதைப்போல நான்கு மடங்கு தாங்கியது என்று பொருள். சோதனையைக் கம்பெனியே செய்துகொள்வதால், ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் இந்த எண் உதவும். டிராக்ஷன் என்பது ஈரத் தரையில் நேராக பிரேக் பிடிக்கும் திறன்: ஏஏ, ஏ, பி, சி என்று இறங்கும். டெம்பரேச்சர் சூடு தாங்கும் தரம்: ஏ, பி, சி. இந்த ஊருக்கு டிராக்ஷன் ஏ, டெம்பரேச்சர் ஏ இரண்டும் இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் விட்டுக்கொடுத்து டிரெட்வேர் எண்ணைப் பிடிப்பது வீண்.

எதை வாங்குவது

கார் கம்பெனி கொடுத்த அளவையே வாங்கினால் பாதித் தலைவலி தீர்ந்தது. அளவு மாற்றியே ஆக வேண்டும் என்றால் டயரின் மொத்த விட்டம் பழையதைவிட 3 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. கணக்கு எளிது: ரிம் அங்குலத்தை 25.4 ஆல் பெருக்கி, சைடுவால் உயரத்தின் இரு மடங்கைக் கூட்டுங்கள். 185/65 ஆர் 15-க்கு 381-உடன் 240.5 சேர்ந்து 621.5 மில்லிமீட்டர் வருகிறது. 195/60 ஆர் 15 போட்டால் 615, ஏறக்குறைய 1 சதவீதம் குறைவு, பரவாயில்லை. 195/65 போட்டால் 634.5, இரண்டு சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வண்டி சற்று வேகமாக ஓடும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பெரிய அலாய் வீல், ஒல்லியான சைடுவால் என்று போவது இங்கே வேண்டாத வேலை. நான்குவழிச் சாலையை விட்டு ஊருக்குள் திரும்பினால் செம்மண்ணும் சரளையும் உடைந்த தார் விளிம்பும்தான். 50 சைடுவால் அந்த விளிம்பில் மோதினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி உள்நூல் அறுந்துவிடும், மறுநாள் டயரின் பக்கத்தில் எலுமிச்சை அளவு வீக்கம் தெரியும். அதற்குப் பஞ்சர் கடையில் மருந்து கிடையாது. 65, 70 சைடுவால் அந்த அடியை வாங்கிக்கொள்ளும்.

பட்டன் அமைப்பில், சுற்றி ஓடும் நீளமான பள்ளம் மூன்று அல்லது நான்கு அகலமாக இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. மழைத்தண்ணீரை வெளியேற்றுவது அந்தப் பள்ளங்கள்தான். இரண்டு பாதியும் வேறுவேறாக இருக்கும் டயரில் ‘அவுட்சைடு’ என்று எழுதிய பக்கம் வெளியே வர வேண்டும். அம்புக்குறி போட்ட டயர் அம்பு காட்டும் திசையில் உருள வேண்டும். தப்பாக மாட்டினால் தண்ணீரை வெளியே தள்ளும் வேலை கெடும். எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்கள் தோட்டத்துக்குப் போக என்று முரட்டுப் பட்டன் டயர் கேட்கிறார்கள். மாதம் ஒருமுறை தோட்டத்துக்கும் மற்ற நாளெல்லாம் திருச்சி ரோட்டிலும் ஓடும் வண்டிக்கு அது இரைச்சலும் டீசல் செலவும்தான். ஈரத் தாரில் நிற்கவும் கூடுதல் தூரம் எடுக்கும்.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன், ரிம்மில் ஏற்றுவதற்கு முன், நான்கு டயரின் தேதியையும் படியுங்கள். ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது, ஒரு வருடம் தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள். பில்லில் டயரின் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். வாரண்டி கேட்கும்போது அதுதான் பேசும். செகண்ட்ஸ் டயர் விலை மலிவாகத் தெரியும். ஆனால் மொட்டையான டயரில் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி விற்பதும் உண்டு. பள்ளத்துக்குள் தேய்மானத்தைக் காட்டும் சிறு ரப்பர் கட்டை இல்லாமலோ அறுபட்டோ இருந்தால் அது வெட்டிய டயர். கம்பி படலத்துக்கு மேலே ரப்பரே மிஞ்சியிருக்காது.

பட்டன் ஆழம் அளப்பது

புதுக் கார் டயரில் ஆழம் பொதுவாக 7 முதல் 8 மில்லிமீட்டர். மத்திய மோட்டார் வாகன விதிப்படி காருக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. அந்த அளவைக் காட்டத்தான் பள்ளத்தின் அடியில் குறுக்கே சிறு ரப்பர் கட்டை வைத்திருக்கிறார்கள். டயரின் தோள்பட்டையில் டி.டபிள்யூ.ஐ. என்றோ சிறு முக்கோணமோ இருக்கும் இடத்துக்கு நேராகத் தேடினால் கிடைக்கும். பட்டனும் கட்டையும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது.

ஆனால் 1.6 என்பது சட்டத்தின் எல்லை. மழையின் எல்லை அதற்கு முன்பே வந்துவிடும். ஆழம் குறையக் குறைய டயர் தண்ணீரைத் தள்ள முடியாமல் அதன்மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டியரிங் சட்டென்று லேசாகிவிட்டால் அதுதான். கண்மாய்க் கரையை ஒட்டிய ரோட்டிலும், ஊருணி நிறைந்து தண்ணீர் குறுக்கே ஓடும் இடத்திலும் இது நடக்கும். ஆகவே 3 மில்லிமீட்டர் வந்ததும் டயர் மாற்றுங்கள். புரட்டாசியில் 3.5 இருந்தால் தை வரை இழுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், தேய்மானம் முடிகிற மாதங்களும் மழை மாதங்களும் ஒன்றாகிவிடும்.

அளக்க டெப்த் கேஜ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் அதன் வால் கம்பியே போதும். இரண்டும் இல்லையென்றால் தீக்குச்சியைப் பள்ளத்தில் செங்குத்தாக நிறுத்தி, பட்டன் மட்டத்தில் நகத்தால் குறித்து, பள்ளிக்கூட ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் முன்பின் இருந்தாலும் முடிவெடுக்கப் போதும். காசை நுழைத்துப் பார்க்கும் வித்தை அமெரிக்க ஒரு சென்ட் காசுக்குச் சொன்னது. நம் ஒரு ரூபாய்க்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடியுங்கள், முன் டயரின் முழு அகலமும் வெளியே தெரியும். ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடம். வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி, சுற்றிலும் நான்கு இடத்தில் இதையே செய்யுங்கள். கேஜ் முனை ரப்பர் கட்டைமேல் உட்கார்ந்தால் ஆழம் குறைத்துக் காட்டும், அதைத் தவிர்க்க வேண்டும். கிடைத்த எண்களில் சிறியதுதான் டயரின் ஆழம், சராசரி போடக் கூடாது. பின் டயரின் உள்விளிம்பைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். கையை விட்டுத் தடவுங்கள், ஆனால் மெதுவாக. கம்பி வெளியே வந்திருந்தால் விரலைக் கிழிக்கும்.

பேரேட்டில் பற்றுவரவு எழுதிப் பழகிய ஊர் இது, டயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். தேதி, கிலோமீட்டர், நான்கு டயரின் ஆழம். 8 மில்லிமீட்டரில் தொடங்கிய டயர் 24,000 கிலோமீட்டரில் 5-க்கு வந்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 8,000. 3-க்கு வர இன்னும் 16,000 இருக்கிறது என்று இன்றே தெரிந்துவிடும். பங்குனியிலும் புரட்டாசியிலும், ஆக வருடத்துக்கு இரண்டு முறை எழுதினால் போதும்.

தேய்ந்த விதம் சொல்வது

நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நின்றால் காற்று குறைவு. இங்கே அதிகம் காண்பது இதைத்தான். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் வீல் சாய்வு அல்லது அலைன்மென்ட். உள்ளங்கையை டயரின் குறுக்கே உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை இழுத்துப் பாருங்கள்: ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் ரம்பம் போலவும் பட்டால் வீல் நேராக உருளவில்லை, டோ (வீல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) சரியில்லை. பள்ளத்தில் விழுந்து எழுந்த வண்டியில் இது சகஜம். அலைன்மென்ட் பார்க்காமல் புது டயர் போட்டால் அதுவும் அதே பக்கம் தின்னப்படும்.

ஒன்றுவிட்டு ஒன்று குழிகுழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது, அல்லது வீல் பேலன்சிங் இல்லை. ஒரே ஓர் இடம் மட்டும் தட்டையாக இருந்தால் அவசர பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டிருக்கிறது, அல்லது வண்டி ரொம்ப நாள் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது.

8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயரை இடம் மாற்ற வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் கார்களில், அதாவது ஸ்விஃப்ட் போன்ற சிறிய கார்களில், முன் டயர் இரண்டும் நேராகப் பின்னால் போகும், பின் டயர்கள் இடம் வலம் மாறி முன்னால் வரும். பழைய இன்னோவா போலப் பின்சக்கரம் தள்ளும் வண்டியில் இதைத் தலைகீழாக்குங்கள். அம்புக்குறி டயர் என்றால் அதே பக்கத்தில் முன்பின் மட்டும்.

காற்றும் முள்ளும்

வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்பது இந்தப் பக்கம் வேரூன்றிய தவறு. காற்று குறைந்த டயரின் சைடுவால் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரியும். அந்த மடங்கலில் பிறக்கும் சூடுதான் டயரை வெடிக்க வைக்கிறது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அளவு அதில் உள்ளது. ஆள் நிறைந்து பெட்டி ஏற்றினால் எவ்வளவு என்பதும் அதிலேயே தனியாக இருக்கும், பின் டயருக்குப் பெரும்பாலும் கூட்டச் சொல்லும். சைடுவாலில் எழுதியிருப்பது தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்துக் காற்று அடிக்கக் கூடாது.

காலையில் வண்டி எடுக்கும் முன் பார்ப்பதே சரியான அளவு. 10 டிகிரி சூடு ஏறினால் டயரின் காற்றழுத்தம் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும், ஓடிய டயரில் அதற்கு மேலும் காட்டும். சூடான டயரில் காட்டும் கூடுதலை இறக்கிவிட்டால் இரவு ஆறியதும் அது குறைகாற்று டயர். நைட்ரஜன் அடித்தால் சூடாகாது என்பார்கள். காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கசிவு சற்று மெதுவாகும், ஈரம் இருக்காது, அவ்வளவே; மாதம் ஒருமுறை அளவு பார்ப்பதிலிருந்து அது விடுதலை தராது.

சீமைக்கருவேல முள் இந்தச் சீமைக்கே உரிய எதிரி. ஆணி போலத் தலை வெளியே தெரியாது. ஓட்டத்தில் வெளிப்பகுதி தேய்ந்து அறுந்துபோக, முனை ரப்பருக்குள் நிற்கும். வாரம் 3, 4 பி.எஸ்.ஐ. இறங்கிக்கொண்டே இருக்கும், ‘வால்வுதான் லீக்’ என்று காற்று அடித்துக்கொண்டே ஓட்டுவார்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து, டயரை மெல்ல உருட்டி, குமிழி வரும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். முள்முனையைப் பிடுங்காமல் ஓட்டையை அடைக்கும் பஞ்சர் திரி சொருகினால் அது உள்ளே தள்ளப்பட்டு வேறு இடத்தைக் குத்தும். 6 மில்லிமீட்டர் வரையான ஓட்டை, அதுவும் பட்டன் பகுதியில் மட்டும், ஒட்டத் தகுந்தது. நெடுந்தூரம் போகிற வண்டிக்கு வெளியிலிருந்து சொருகும் திரியைவிட, டயரைக் கழற்றி உள்ளிருந்து போடும் காளான் பேட்ச் நம்பகமானது. சைடுவாலில் ஓட்டை என்றால் டயர் மாற்றுவதுதான் வழி.

பூட்டிய வீட்டுக் கார்

மாதம் 1, 2 பி.எஸ்.ஐ. தானாகவே இறங்கும். ஆறு மாதம் கழித்துச் சாவி போடும்போது டயர் உட்கார்ந்தே இருக்கும். ஊருக்குக் கிளம்பும் முன் ஸ்டிக்கர் அளவைவிடச் சற்றுக் கூட்டி, ஆனால் சைடுவால் உச்சத்துக்குள், காற்று அடித்து வையுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாரம் ஒருமுறை சக்கரம் அரைச்சுற்று உருளும்படி வண்டியை நகர்த்தினால் தட்டையாகாது. மேற்கு வெயில் படும் ஷெட்டில் டயருக்குச் சாக்கு மறைப்புப் போதும். பளபளப்புக்காக டீசலோ மண்ணெண்ணெயோ துடைப்பது ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். சோப்புத் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம்.

நின்ற காரை எடுக்கும்போது சைடுவாலைக் கட்டை விரலால் அழுத்தி, விரிசல் தெரிகிறதா என்று பாருங்கள். ரிம் ஓரத்திலும் பள்ளத்தின் அடியிலும்தான் முதலில் வெடிப்பு தோன்றும். முடி போன்ற மேலோட்டக் கோடு கவனிக்க வேண்டியது. நகம் உள்ளே இறங்கும் வெடிப்போ, உள்ளே நூல் தெரிவதோ, வீக்கமோ இருந்தால் அந்த டயரில் நெடுஞ்சாலை ஏறக் கூடாது.

மாட்டும்போது

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவை பின்னால் போக வேண்டும், முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிக்கு வரும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும், சாதாரண ஓட்டுநரால் மீட்க முடியாது. கடையில் முன்னால் போடத்தான் கை போகும், சொல்லி மாற்றுங்கள். டியூப்லெஸ் வால்வையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள். அதுவும் வெயிலில் வெடிக்கும் ரப்பர்தான். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் அன்றே. நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.

கிளம்பும் முன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் தேதியையும் படியுங்கள். மூன்று முறை டயர் மாற்றிய காரிலும் ஸ்டெப்னி ஷோரூமிலிருந்து வந்ததாகவே இருக்கும்: தரை தொடாத ரப்பர் முடிகளோடு, பத்து வயதில், 15 பி.எஸ்.ஐ. காற்றோடு. அதற்கும் மாதம் ஒருமுறை காற்று, ஆறு வயதில் மாற்றம். அது மற்ற டயரைவிடச் சிறிய அளவு என்றால் மேலே 80 என்று எழுதியிருக்கும். அந்த வேகத்துக்குள், அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் மட்டும் ஓட்டுங்கள்.